அம்பாசடர் 1489 சிசி: சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்‌ஷன் போட்டது, இதுவரை

பெட்ரோல் அம்பாசடருக்கு, கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் என்றதும் வேலூர் மெக்கானிக்குகள் முதலில் சொல்வது, "மாருதி எம்பிஎஃப்ஐ செட்டை அப்படியே தூக்கி வச்சிடலாம் சார்" என்பதுதான். எம்பிஎஃப்ஐ என்றால் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர். அதை இதில் வைக்க முடியாது. இந்த வண்டியின் பிஎம்சி பி சீரிஸ் இன்ஜின் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இன்டேக் வாய் இரண்டே இரண்டு. 1, 2-க்கு ஒன்று, 3, 4-க்கு ஒன்று. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. ஒரு வாயில் 2 உறிஞ்சி முடித்த கையோடு 1 உறிஞ்சும், அதற்குப் பிறகு அந்த வாய் வெகுநேரம் சும்மா கிடக்கும். மறுபக்கத்தில் 3, அடுத்து 4. வாய்க்கு ஒரு இன்ஜெக்டர் வைத்தால், சும்மா கிடந்த நேரத்தில் சேர்ந்த பெட்ரோலை முதலில் திறக்கும் 2-ம் 3-ம் அள்ளிக்கொள்ளும். 1-ம் 4-ம் பெட்ரோல் குறைந்து காய்ந்து ஓடும்.

அதனால் கார்புரேட்டர் உட்கார்ந்த இடத்திலேயே த்ராட்டில் பாடி (காற்றைத் திறந்து மூடும் வால்வு), அதற்குக் கீழே இரண்டு இன்ஜெக்டர் என்று முடிவானது. 38 மி.மீ. வாயுள்ள பழைய த்ராட்டில் பாடி சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் கிடைக்கும். த்ராட்டில் பொசிஷன் சென்சாரோடு சேர்த்து வாங்க வேண்டும். இடையில் வைக்க 40 மி.மீ. அலுமினியக் கட்டையை லேத்தில் கடைந்து, கீழ்ப்பக்கம் சோலெக்ஸ் ஃபிளாஞ்ச் அளவுக்கும் மேல்பக்கம் த்ராட்டில் பாடி அளவுக்கும் துளை போட வேண்டும். இன்ஜெக்டர் இறங்கும் துளை 13.5 மி.மீ. டிரில் போட்டதோடு விடாமல் ரீமர் ஓட்டி, வாயைச் சாய்த்துச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் இறக்கும்போதே ஓ-ரிங் வெட்டுப்படும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஒட்டிய சூடான இடத்தைச் சிலர் வெட்டி எடுக்கச் சொல்வார்கள். எடுக்கக் கூடாது. மேலிருந்து பீய்ச்சும் பெட்ரோல் தரையில் வழியாமல் ஆவியாவதே அந்தச் சூட்டில்தான்.

இன்ஜெக்டர் கணக்கு இது. ஒரு சிலிண்டர் 372 சிசி. அது முழுதாக நிரம்பினால் காற்று சுமார் 0.44 கிராம். இப்போது பங்க்கில் கிடைக்கும் இ20-க்குக் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 இல்லை, சுமார் 13.5. ஆக ஒரு உறிஞ்சலுக்குப் பெட்ரோல் 33 மில்லிகிராம். நிமிடத்துக்கு 220 சிசி தரும் இரண்டு இன்ஜெக்டர் சேர்ந்து திறந்தால் சுமார் 6 மில்லி செகண்ட். 4200 ஆர்பிஎம்மில் இரண்டு உறிஞ்சலுக்கு நடுவே கிடைப்பது 7.1 மில்லி செகண்ட். முக்கால் பங்கு நிரம்பும் இன்ஜினுக்கு, திறக்கும் தாமதத்தையும் சேர்த்து 5.5. போதும். 12 முதல் 16 ஓம் வரை உள்ள இன்ஜெக்டராகப் பார்த்து எடுங்கள். 2, 3 ஓம் வகையை இன்ஜெக்டரை இயக்கும் ஸ்பீடுயினோ ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) போர்டில் நேராக இணைத்தால் அதன் டிரைவர் சிப் போய்விடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஈசியூவில் கிராங்க் சுற்றுக்கு ஒரு தடவை பீய்ச்சும்படி வைத்தால் அது எப்போதும் 1, 4 உறிஞ்சும் நேரத்திலோ 2, 3 உறிஞ்சும் நேரத்திலோதான் வந்து விழும். ஒரு ஜோடி பிளக் கருப்பு (பெட்ரோல் அதிகம்), மற்ற ஜோடி வெளுப்பு (குறைவு). இரண்டு சுற்றுக்கு நான்கு பீய்ச்சல் என்று மாற்றினால் சரியாகும். கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இதைக் காட்டிக்கொடுக்காது, எக்ஸாஸ்ட் பைப்பில் அது பார்ப்பது நான்கின் சராசரியை மட்டும். பிளக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டைனமோ உள்ள வண்டி என்றால் முதல் செலவு ஆல்டர்னேட்டர். ஐட்லிங்கில் டைனமோ ஒன்றும் தராது. வோல்டேஜ் இறங்க இறங்க இன்ஜெக்டர் திறக்கும் தாமதம் கூடும், வண்டி காய்ந்து ஆஃப் ஆகும். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்தது) உள்ள பழைய வண்டியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராங்க் புல்லிக்குப் பின்னால் ஈசியூ ஆர்பிஎம் எண்ண 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), சென்சார் இடைவெளி 0.8 மி.மீ. ஷீல்டு வயரை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். செம்புக் கம்பி பிளக் வயர் இருந்தால் ஈசியூ நடுவழியில் ஆர்பிஎம்மைத் தொலைக்கும். ரெசிஸ்டர் வயரும் ரெசிஸ்டர் பிளக்கும் போட்டால் அந்தத் தொல்லை அடங்கும்.

ரேடியேட்டர் கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டையே பிடுங்கிப் போட்ட வண்டிகள்தான் நம் பக்கம் அதிகம். கார்புரேட்டருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஈசியூவோ தண்ணீர் 70 டிகிரி தொடும்வரை கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஹைவேயில் ஆம்பூர் வரை போனாலும் அந்தச் சூடு வராது. 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டபின்தான் மைலேஜ் பேச்சு.

பெட்ரோல் லைன்: பம்ப்பை டேங்க் மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும், அது தள்ளும், உறிஞ்சாது. பம்ப்புக்கு முன்னால் கரடு வடிகட்டி, பின்னால் 10 மைக்ரான். 3 பார் ரெகுலேட்டர், டேங்குக்கு ரிட்டர்ன். இன்ஜெக்‌ஷனுக்கென்று வரும் ஹோஸும் கிளிப்பும் மட்டும். பழைய ரப்பரை இ20 ஊற வைத்துவிடும். மெக்கானிகல் பம்ப் இருந்த ஓட்டையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூட மறக்காதீர்கள், ஆயில் கொட்டும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஏற்றியபோது இரண்டு விஷயம் தெரிந்தது. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 89 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கியும் லாம்ப்டா (கலவையின் அளவு, 1.0 என்றால் சரியான விகிதம், அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல்) அசையவில்லை. சோலெக்ஸ் இந்த உயரத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். ஆனால் டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது வளைவுக்கு வளைவு இன்ஜின் அறுந்தது. பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றைக் குடிக்கிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர் இதுநாள் வரை இந்தக் குறையை மூடி வைத்திருந்தது. 1 லிட்டர் சர்ஜ் டேங்க் (எப்போதும் நிரம்பியே இருக்கும் சின்ன இடைத் தொட்டி), அதை நிரப்ப லோ பிரஷர் பம்ப் ஒன்று: இதுதான் மருந்து. முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

மே மாத வெயிலில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் முதல் நிமிடம் திணறும். பானெட்டுக்குள் தேங்கிய சூட்டில் காற்றுச் சென்சார் 65, 70 டிகிரி காட்டுகிறது. காற்று லேசாகிவிட்டது என்று ஈசியூ பெட்ரோலைக் குறைக்கிறது. சென்சாரை ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு மாற்றி, 50 டிகிரிக்கு மேல் திருத்தத்தைப் பாதியாகக் குறைத்ததும் சரியானது.

இப்போது லாம்ப்டா ஐட்லிங்கில் 0.95, சமவேகத்தில் 1.0, முழு மிதியில் 0.88. ஸ்பார்க் இன்னும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில்தான். அடுத்து வேஸ்ட் ஸ்பார்க் காயில் பேக் (இரண்டு பிளக்குக்கு ஒரு காயில்). அதற்கு முன் புல்லி குறியும் ஈசியூ சொல்லும் டிகிரியும் ஒத்துப்போகிறதா என்று டைமிங் லைட்டில் பார்க்க வேண்டும்.