ரேடியம் அட்டையின் ராத்திரிக் கணக்கு

எங்கள் பக்கம் இருட்டில் மினுங்கும் எதற்கும் பெயர் 'ரேடியம்'. சைக்கிள் மட்கார்டில் ஒட்டுவதும் ரேடியம், சுவரில் ஒட்டும் நட்சத்திரமும் ரேடியம். முதலாவது வண்டி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. இரண்டாவது வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கக்குகிறது. இரண்டிலும் ரேடியம் கிடையாது. கக்குகிற வகை எந்தக் கணக்கில் மங்குகிறது என்று பார்க்கத்தான் இந்த வேலை.

ஆன்லைனில் இரண்டு பொடி வாங்கினேன். ஒன்று பழைய ரகம், செம்பு கலந்த ஜிங்க் சல்ஃபைடு. இன்னொன்று 1990களில் ஜப்பானிலிருந்து வந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அருமண் உலோகங்களைத் துளித்துளி சேர்த்தது. முதலில் தண்ணீர்ப் பசையில் குழைத்துப் பூசினேன், அலுமினேட் வீணாய்ப் போனது. அதற்குத் தண்ணீர் ஆகாது. அப்புறம் வார்னிஷில் குழைத்து வெள்ளை அட்டையில் பூசினேன்.

ராயபுரத்தில் இருட்டுக்கு எங்கே போவது? தெருமுனை ஹைமாஸ்ட் விளக்கு விடியும்வரை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். பாத்ரூம் வென்டிலேட்டரில் கறுப்பு சார்ட் ஒட்டி, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் போனை நிறுத்தினேன்.

முதல் ராத்திரி சிரிப்புதான். அட்டையை வெளிச்சத்தில் காட்டி விளக்கை அணைத்த ஒரு நிமிடத்தில் எடுத்த படமும் பத்து நிமிடத்தில் எடுத்த படமும் ஒரே பிரகாசம். மங்கவே மங்காத பொருளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆட்டோ மோடில் இருந்த போன், வெளிச்சம் குறையக் குறையத் தானே ஏற்றிக்கொண்டிருந்தது. அடுத்த ராத்திரி எல்லாவற்றையும் கையால் பூட்டினேன்: ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 4 விநாடி, கோப்பு 'ரா'வில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவில். ஜேபெக் இதற்கு உதவாது, அது எண்களை வளைத்துவிடும்.

அலுமினேட் அட்டை, முதல் நிமிட வெளிச்சத்தை 100 என்று வைத்தால்: 2 நிமிடத்தில் 48, 4-இல் 23, 10-இல் 9, 20-இல் நாலரை. அதற்கு மேல் படத்தில் புள்ளி இரைச்சல்தான்.

இங்கேதான் என் எதிர்பார்ப்பு உடைந்தது. நிஜ ரேடியம் கதிரியக்கத்தால் சிதைந்து 1600 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும், அடுத்த 1600-இல் அதில் பாதி. அதே போல நிமிடத்துக்கு ஒரு பாதி என்றால், இந்த அட்டை பத்தாவது நிமிடத்தில் 512-இல் ஒரு பங்காகியிருக்க வேண்டும். ஆகியிருப்பதோ பதினொன்றில் ஒரு பங்கு. நேரம் இரட்டிக்கும்போதுதான் இது பாதியாகிறது. பாதியாக எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. இரண்டு அச்சும் லாக் ஆன, அதாவது 1, 10, 100 என்று சம இடைவெளியில் பெருகும் தாளில் புள்ளி வைத்தால் ஏறக்குறைய நேர்கோடு.

வெளிச்சம் பட்டு எழும்பிய எலக்ட்ரான்கள் படிகத்துக்குள் பல ஆழமுள்ள குழிகளில் விழுந்து கிடக்கின்றன. அறை வெப்பம் உலுக்கி உலுக்கி அவற்றை வெளியே விடுகிறது. மேலோட்டமான குழிகள் சீக்கிரம் காலி. ஆழத்தில் கிடப்பவை மணிக்கணக்கில் சொட்டுகின்றன.

வெப்பம்தான் காரணம் என்றால் குளிரில் நிற்க வேண்டுமே? காசிமேட்டில் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் கொஞ்சம் வாங்கிவந்து, அட்டையைக் கவரில் போட்டுப் புதைத்தேன். சட்டென்று மங்கியது. இருபது நிமிடம் கழித்து எடுத்து உள்ளங்கையை வைத்து அழுத்தினால், ஐந்து விரலும் பச்சையாக எழுந்து வந்தன. கூட இருந்த அக்கா மகன், "மாமா, திரும்ப உயிர் வந்துடுச்சு!" என்றான். சூடான டீ டம்ளரை வைத்தது அதைவிட அழகு. அடி வட்டம் பளிச்சென்று எரிந்து, எடுத்த சில நிமிடத்தில் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்த வட்டமானது. இருந்ததை எல்லாம் அங்கே ஒரே மூச்சில் செலவழித்துவிட்டது.

சிவப்பு எல்இடியில் எவ்வளவு நேரம் காட்டியும் சார்ஜ் ஏறவில்லை. நீலம் ஒரு நிமிடமே போதும்.

நேற்று ஒன்பது மணிக்கு இரண்டு அட்டையையும் டியூப்லைட்டில் காட்டிவிட்டு பாத்ரூமில் வைத்துப் படுத்தேன். நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்து விளக்குப் போடாமல் போய்ப் பார்த்தேன். ஜிங்க் சல்ஃபைடு இருந்த இடமே தெரியவில்லை. அலுமினேட் அட்டை சாம்பல் புகைபோல் நின்றது. நேராகப் பார்த்தால் மறைந்தது, ஓரக்கண்ணால் பார்த்தால் நாலு மூலையும் தெரிந்தது. என் கணக்குப்படி முதல் நிமிட வெளிச்சத்தில் 450-இல் ஒரு பங்கு.

"இன்னுமாடா அதையே பாத்துட்டிருக்க? குடம் வழியுது பாரு," என்று அம்மா வந்து ஸ்விட்சைத் தட்டினாள்.