அப்பா கட்டிய படிகளில் ஒரு வஸ் காலத் தானம்

எங்கள் அப்பா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மேசன் வேலை பார்த்தவர். 1997ஆம் ஆண்டு கண்டி ஹந்தானை மலைச் சரிவில் பௌத்த பிக்குகள் தங்கும் சிறிய ஆரண்யமொன்றுக்குக் கருங்கல் படி கட்டப் போய், இரண்டு மாதம் அங்கேயே தங்கியிருந்து திரும்பினார். அதன் பிறகு அந்த ஆரண்யத்துப் பிக்குவான ஹாமுதுருவைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. "மண்ணத் தோண்டக் கூடாது, ஒரு செடிய வெட்டக் கூடாது, காசக் கையால தொடக் கூடாது, அப்பிடியும் ஒரு மனுசர் இருக்காரு" என்று கார்த்திகை விளக்கு ஏற்றும்போதுகூடச் சொல்வார். கூலியை, ஆரண்யத்தைப் பராமரிக்கும் தாயக சபைக்காரர்தான் எண்ணிக் கொடுத்தாராம். அந்தச் சாமிக்கு ஒரு வேளைச் சோறாவது தன் கையால் போட்டுவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அது நிறைவேறாமலே சென்ற ஆண்டு ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். முதல் திவசம் முடிவதற்குள் அதைச் செய்து முடிப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார்.

வஸ் காலத்தில் ஒரு நாள் மதியத் தானம் எங்கள் பெயருக்குக் கிடைத்தது. மழைக்காலத்தில் துறவிகள் ஊர் ஊராகத் திரிந்து பயிரையும் சிற்றுயிரையும் மிதிக்கிறார்கள் என்று அக்கால மக்கள் முறையிட்டதால், மூன்று மாதம் ஓரிடத்திலேயே தங்க வேண்டும் என்று புத்தர் பெருமான் வகுத்த விதிதான் வஸ். எசல போயா என்னும் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கும் அந்தக் காலம் எங்கள் மலைகளில் அடைமழைக் காலமும்கூட. அம்மா நடுநிசியில் எழுந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் பாயாசமும் சமைத்துக் கட்டினார். முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். கினிகத்தேனையைத் தாண்டிய இடத்தில் மண்சரிந்து பாதை மூடிக் கிடந்தது. ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் மழையில் நின்றோம். தகவல் சொல்லக் கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. கண்டியில் இறங்கியதும், எங்கள் அவசரத்தைக் கண்ட முச்சக்கர வண்டிக்காரர் இரட்டிப்புக் கூலி கேட்டு வாங்கினார். வயதான பெண்ணொருத்தி சாப்பாட்டு வாளியை மடியில் வைத்துக்கொண்டு அழும்போது பேரம் பேச எப்படி மனம் வருகிறதோ, எனக்குப் புரியவில்லை.

முழங்கால் வலியோடு அம்மா 74 படிகளையும் ஏறினார். ஒவ்வொரு படியையும் குனிந்து தொட்டுக்கொண்டே ஏறியதால் இன்னும் தாமதமாயிற்று. மேலே போனபோது நேரம் 12.25.

தானசாலையில் ஹாமுதுரு அமர்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் முன்னால் பாத்திரம் துடைத்து வைத்தபடியே வெறுமையாக இருந்தது. விடியற்காலையில் குடித்த கஞ்சியைத் தவிர அவர் எதுவும் உண்ணவில்லை என்று அங்கிருந்த தொண்டர் மெதுவாகச் சொன்னார். தானம் கொண்டுவருவதாக ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கும்போது வேறு உணவு கேட்டு வாங்குவதில்லை. நண்பகல் கடந்தபின் உண்பதில்லை. இன்று வாங்கியதை நாளைக்கென்று எடுத்து வைப்பதும் இல்லை. எங்களால் அந்தப் பெரியவர் மறுநாள் காலைவரை பட்டினி என்பது விளங்கியதும், அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். "ஒரு வாய் மட்டும், சாமி" என்று அவர் கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஹாமுதுருவின் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அம்மாவை எழுந்து உட்காரச் சொல்லி, சுடுதண்ணீர் கொண்டுவரச் செய்தார். பிறகு எங்களுக்கு விளங்கும்படி எளிய சிங்களத்தில் பேசினார். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பிக்குகள் கூடி 227 விதிகளையும் ஓதுவார்களாம். அதற்கு முன், தவறியதை இன்னொரு பிக்குவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டுமாம். "நான் இப்போது உண்டால், அந்த நாளில் உங்கள் தானத்தை என் குற்றமாக அல்லவா சொல்ல வேண்டிவரும்" என்றார். அம்மாவின் அழுகை நின்றது. எங்கள் அன்னம் குற்றமாகிவிடக் கூடாதென்று அவர் பசியோடிருக்கிறார் என்று அறிந்தபோது என் உடம்பு சிலிர்த்தது. நாமும் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருக்கிறோம், ஏழாம் நாள் பாரணை செய்துவிடுகிறோம். இந்த மனிதருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே விரதம்.

பால் சேர்க்காத தேத்தண்ணீர் பிற்பகலிலும் ஆகும் என்று தொண்டர் சொன்னார். அம்மா தன் கையால் ஊற்றிக் கொடுத்தார். கொண்டுபோன சோற்றை அவர் சொன்னபடியே, கீழே மண் வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்களுக்குப் பரிமாறினோம். மறுநாள் காலைத் தானம் யார் பெயரிலும் இல்லை என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

அன்றிரவு கட்டுக்கலையில் சித்தி வீட்டில் தங்கினோம். மாலையில், புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் போனோம். பெரஹரா ஊர்வலம் நெருங்கியிருந்ததால் தாங்க முடியாத கூட்டம். பூத்தட்டை வலிய நம் கையில் திணித்துவிட்டு வாய்க்கு வந்த விலை கேட்பவர்களை அங்கே யாராவது கண்டித்தால் நல்லது. நீலோற்பல மலரோடு மேல்மாடி வரிசையில் நின்றோம்; ஹேவிசி மேளம் முழங்கக் கதவு திறந்து, புனிதப் பல் உள்ள பேழை கண்ணில் பட்டதும் கூட்டம் எங்களைத் தள்ளிவிட்டது. ஆனாலும் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. உபசம்பதை என்னும் முழுத் துறவை அளிக்கப் போதிய பிக்குகள் இல்லாமல் இலங்கையில் துறவுப் பரம்பரை அற்றுப்போயிருந்த காலத்தில், சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து 1753இல் இதே கண்டியில் அதை மீண்டும் நிலைநாட்டிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். மத்தியானம் வெறும் பாத்திரத்தின் முன் கண்ட ஒழுக்கம் அந்த வழியாக அல்லவா எங்களிடம் வந்திருக்கிறது என்று எண்ணியபடியே படியிறங்கினேன்.

சித்தியும் அம்மாவும் மூன்று மணிக்கே அடுப்பு மூட்டினார்கள். மழை விட்டிருந்தது. நாங்கள் படியேறி முடிக்கவும், கையிலுள்ள ரேகை தெரியும் அளவுக்கு விடியவும் சரியாக இருந்தது. ஹாமுதுரு பாத்திரத்தை இரு கையாலும் ஏந்தினார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த அம்மாவின் விரல்கள் நடுங்கின. பாற்சோறு ஆவி பறக்க அந்தக் கரிய பாத்திரத்துக்குள் விழுந்தது. "உங்க அப்பா போடுறாரு" என்று அம்மா என்னிடம் சொன்னார். விளையாட்டுக்காக அல்ல, செருக்குக்காக அல்ல, அழகுக்காக அல்ல, இந்த உடல் நிலைத்துத் துறவு வாழ்வுக்குத் துணையாவதற்காக மட்டுமே உண்கிறேன் என்று அவர் உண்ணுமுன் எண்ணிக்கொள்வாராம். முதல் நாள் பசியின் அவசரம் அவர் கையில் சிறிதும் இல்லை. நாங்கள் சுவரோரம் கைகூப்பி நின்றோம்.

பின்னர் அப்பாவுக்குப் புண்ணியம் சேர்ப்பிக்கக் கெண்டியைக் கொடுத்து, கீழே இருந்த கிண்ணத்தில் நீர் வார்க்கச் சொன்னார். பௌத்த வேதமான பிரித் ஓதும் குரல் எழுந்தது. கிண்ணம் நிறைந்து தட்டில் வழிந்தது, தட்டும் நிறைந்தது. அம்மா கண்களை மூடியபடி, கெண்டியில் நீர் தீரும்வரை வார்த்துக்கொண்டே இருந்தார்.