எந்தக் கோயில் வடக்கு வீதி?

நான் வாக்கப்பட்ட ஊர் கும்பகோணம். வருகிற உறவுக்காரர்களிடம் முதலில் சொல்லிவிடுவேன், "வடக்கு வீதி எங்கே?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள் என்று. பூக்கட்டுகிற அக்கா கையை நிறுத்தாமலே "எந்தக் கோயில் வடக்கு வீதி?" என்பார். கும்பேசுவரனுக்கு ஒன்று, நாகேசுவரனுக்கு ஒன்று. சாமி பேரைச் சொன்னால்தான் வழி கிடைக்கும். அதிலும் இடது, வலது வராது. "மதில ஒட்டியே கெழக்கால போம்மா, மூலையில தெக்கால திரும்பு."

அதனால் கிழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கும்பேசுவரன், சாரங்கபாணி, சக்கரபாணி எல்லாரும் கிழக்கு பார்த்தவர்கள். வடக்கே போய்க்கொண்டே இருந்தால் காவிரி வரும், தெற்கே போனால் அரசலாறு. பழைய ஊர் இரண்டுக்கும் நடுவில்தான்.

எனக்குப் பிடித்த நடை கும்பேசுவரன் வாசலில் தொடங்கும். குங்குமமும் வளையலும் பித்தளைப் பாத்திரமும் விற்கும் அந்த நீண்ட கடை மண்டபத்தைத் தாண்டிக் கிழக்கே வந்தால் பொற்றாமரைக் குளம். அடுத்து சாரங்கபாணி கோயிலின் பின்பக்கம். மதிலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வாருங்கள்; 11 நிலைக் கோபுரம். உள்ளே கருவறையே குதிரையும் யானையும் பூட்டிய தேர். தை முதல் ஆனி வரை வடக்கு வாசல் வழியாகப் போகவேண்டும், ஆடி முதல் மார்கழி வரை தெற்கு வாசல். சூரியன் போகிற திசைக்குக் கதவும் மாறுகிறது! நாகேசுவரன் கோயிலில் சித்திரையில் சில நாள் காலை வெயில் கருவறைக்குள் போய் லிங்கத்தின் மேல் விழும். திசையை இவ்வளவு நேசித்துக் கட்டிய ஊரில் ஜனங்கள் திசை சொல்லிப் பேசுவதில் என்ன ஆச்சரியம்?

சாரங்கபாணி சன்னதித் தெருவிலேயே கணித மேதை ராமானுஜன் வளர்ந்த ஓட்டு வீடு இருக்கிறது. இப்போது நினைவில்லம். சின்ன வீடு என்பதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்காது. கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள்.

பெரிய கடைத்தெருவுக்குச் சாயங்காலம் போகாதீர்கள், கூட்டம் நெருக்கும். வடக்கே சக்கரபாணியையும் தெற்கே ராமசாமி கோயிலையும் இணைக்கிற தெரு அது. ராமசாமி கோயில் பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுக்கச் சித்திரமாக ஓடுகிறது, அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள், கல்தரையும் காலைச் சுடும். விடியற்காலையில் கிளம்புவதே நல்லது.

2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல். அப்போது இந்தத் தெருக்களில் கூட்டம்தான் நம்மை நகர்த்தும். நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.