மகிழ மரத்தடிச் சத்தியம்

திருவொற்றியூர்க் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக வடிவுடையம்மன் வரிசையில் போய் நின்றுவிடுவார்கள். தெற்குப் பார்த்த சன்னிதி, நகர்ந்துகொண்டே இருக்கும் கூட்டம். அம்மனைப் பார்க்க வந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் இந்தக் கோயில் என்றால் மகிழ மரம்தான். போன வெள்ளிக்கிழமை சித்தப்பாவையும் முதலில் அங்கேதான் கூட்டிப்போனேன்.

சித்தப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கைவசம் இருந்த வேலையை விட்டுவிட்டு டிபன் கடை போடுகிறேன் என்கிறான். அதிலிருந்து வீட்டில் புகைச்சல். மெட்ரோவில் தேரடி வருகிறவரைக்கும் ஒரே பல்லவிதான்: "எல்லாம் அவன் எழுதினதுடா. நடுவுல நாம யாரு?" சொல்லி வாய் மூடுவதற்குள், "இந்தப் பயலுக்கு ஏன் புத்தி இப்படிப் போவுது?" என்று மகன்மேல் பாய்ச்சல். எழுதினது அவன் என்றால் பயல்மேல் எதற்குக் கோபம் என்று கேட்டேன். "நீ சும்மா இரு" என்றார்.

இத்தனைக்கும் இந்த ஊர்ச் சாமி எழுத்தையே திருத்தினவர். எல்லாக் கோயில்களுக்கும் வரி போட்டு அரசன் அனுப்பிய ஓலையில், 'ஒற்றியூர் நீங்கலாக' என்று எழுத்து வரிகளுக்கு நடுவே ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்ததாம். எழுத்தறியும் பெருமான் என்று பெயர் வந்தது அதனால்தான். தலையெழுத்து என்று பேசுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

மரத்தடிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எங்கேயாவது ஓர் இடத்தில் இடிக்கும். ஞாயிறு என்ற ஊரில் பிறந்து, ஒற்றியூரில் கன்னிமாடத்தில் இருந்து சுவாமிக்குப் பூத்தொடுத்த சங்கிலியாரைச் சுந்தரர் மணக்க ஆசைப்படுகிறார். பெண் வீட்டு நிபந்தனை, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரரோ ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர். அதனால் இறைவனிடமே ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்: "நான் சன்னிதிக்குச் சத்தியம் செய்ய வரும்போது நீர் எழுந்துபோய் மகிழ மரத்தடியில் இரும்." சரி என்கிறார் இறைவன். சரி என்றவர் அன்றிரவே சங்கிலியார் கனவில் போய், "சன்னிதியில் வேண்டாம், மகிழடியில் செய்யச் சொல்" என்றும் சொல்லிவிடுகிறார்! மறுநாள் தோழிகள் வாயால் அதைக் கேட்டதும் சுந்தரர் திகைக்கிறார். ஆனால் பின்வாங்கவில்லை. மரத்தை மூன்று முறை வலம் வந்து, பிரியேன் என்கிறார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இதை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அப்புறம் தென்றல் வீசுகிறது. திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வருகிறது. கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய இடத்தில் இரண்டு கண்ணும் போகிறது.

"பொறி வெச்சது அவரு, மாட்டினது இவரு. இது இன்னாடா நியாயம்?" என்றார் சித்தப்பா. அவர் கேள்வி சரியானதுதான். இன்னும் பின்னால் போனால், கைலாயத்தில் நந்தவனத்துப் பெண்கள்மேல் மனம் வைத்ததற்காகச் சுந்தரரைப் பூமிக்கு அனுப்பியதே அவர்தான் என்கிறது பெரியபுராணம். அந்தப் பெண்களில் ஒருவர்தான் சங்கிலியாராகப் பிறந்தவர். ஆக, கல்யாணம் முன்பே முடிவானது. ஆனால் எல்லையைத் தாண்டச் சொல்லி எந்தக் கனவும் வரவில்லை. அந்த அடியைச் சுந்தரர் தானாகத்தான் எடுத்து வைத்தார்.

கண் போன பிறகு ஒற்றியூர்ப் பெருமானை நோக்கிப் பாடிய பதிகத்தில் அவர் இரண்டையும் செய்கிறார். பிழை என்னுடையது என்கிறார். அதே மூச்சில் சண்டையும் போடுகிறார். மூன்று கண் உள்ள நீ என் கண்ணைப் பறிப்பதுதான் கணக்கு வழக்கா, அப்படியானால் ஒரு ஊன்றுகோலாவது கொடு என்கிறார். வீட்டுப் பெண்கள் "போ குருடா" என்பார்களே, தாங்கமாட்டேனே என்று புலம்புகிறார். மக நட்சத்திரத்தில் புகுந்த சனி நீ என்றுகூடத் திட்டிவிடுகிறார். இதே கோயிலில்தான் இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் லிங்கங்கள் இருக்கின்றன. அன்றைக்கும் ஓர் அம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, "உன்னுது பூரட்டாதிடா, எங்க இருக்குது பாரு" என்று தேடிக்கொண்டிருந்தார்.

சைவ சித்தாந்தத்தில் உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைச் சொல்லக் கண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கண்ணுக்குப் பார்க்கும் சக்தி உண்டு, ஆனால் வெளிச்சம் இல்லாமல் அது எதையும் காணாது. வெளிச்சம் எதன்மேலும் விழும். எதைப் பார்ப்பது என்று வெளிச்சம் முடிவு செய்வதில்லை. கண்ணை இழந்த ஒருவரின் கதை நடந்த ஊரில் நின்று இதை யோசித்தால் கொஞ்சம் வேறு மாதிரிப் படுகிறது. வினையையும் அவர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பழைய கணக்கில் இந்தப் பிறவிக்கென்று வந்தது பிராரத்தம், அதை அனுபவித்தே தீர வேண்டும். இன்றைக்கு நாம் செய்வதில் புதிதாகச் சேர்வது ஆகாமியம். சித்தப்பா போன்றவர்கள் முதலாவதை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அவரிடமும் சொன்னேன், ரசிக்கவில்லை.

வெள்ளியும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தால் வடசென்னைக்காரர்கள் ஒரே நாளில் மூன்று அம்மன்களைப் பார்ப்பார்கள். காலையில் மீஞ்சூர்ப் பக்கம் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் இந்த வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகள். ஆசைப்படுவது, அறிவது, செய்வது. கண் போன சுந்தரர் ஒற்றியூரிலிருந்து முதலில் போனதும் முல்லைவாயிலுக்குத்தான்.

திரும்பும்போது கலிய நாயனாரைச் சொன்னேன். இந்த ஊர்ச் செக்கார். கோயில் முழுக்க விளக்கெரித்தவர். செல்வம் போய், கூலி வேலையும் போய், எண்ணெய்க்கு வழியில்லாமல் கழுத்தை அறுத்து ரத்தத்தை வார்க்கப் போனபோது இறைவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவரு கையைப் புடிச்சாரு இல்ல? சுந்தரர் காலை ஏன் புடிக்கல?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கலியருக்கும் கடைசியில்தான் பிடித்தார். அதுவரை கூலிக்கு அலைந்ததெல்லாம் அவர் பாடு. சுந்தரர் முல்லைவாயிலிலிருந்து வெண்பாக்கம் போய், "கோயிலில் இருக்கிறாயா?" என்று கேட்கிறார். "உளோம் போகீர்" என்று உள்ளிருந்து பதில். இருக்கிறோம், நீர் போம். கண் கேட்டவருக்குக் கிடைத்தது கோல். வந்த ஆத்திரத்தில் அதை வீசியெறிந்ததில் நந்தியின் கொம்பு உடைந்ததாம். பிறகு காஞ்சிபுரத்தில் இடக்கண், ஆரூரில் வலக்கண். அதுவரை தட்டுத் தடுமாறி நடந்தது அவர்தான். ஆரூரில் முதல் மனைவி பரவையார் சங்கிலியார் விஷயத்தில் கோபித்துக்கொண்டு கதவடைக்க, சமாதானம் பேச இரண்டு முறை தூது நடந்தது இறைவன்!

சித்தப்பாவுக்கு இந்த உடைந்த கொம்பு ரொம்பப் பிடித்துவிட்டது. பழைய வெண்பாக்கம் கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. சாமியைக் கரைக்குக் கொண்டுவந்து, ஊன்றீஸ்வரர் என்ற பெயரில் கோயில் இருக்கிறது. அங்கே போய் அந்த நந்தியைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். திருவள்ளூர் போய் பஸ் மாறலாம் என்று நான் சொல்கிறேன். செங்குன்றம் வழியாகத்தான் கிட்டம் என்று அவர் விடாமல் நிற்கிறார்.