குமுளி மலையில் கொதித்த எங்கள் கேரவன்

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, மின் நிலையத்துக்கு இறங்கும் அந்த ராட்சதக் குழாய்கள் தெரியும் இடம் வந்தபோது, "முள்ளைப் பாருடா" என்றான் மச்சான். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் நின்றது. ஓரம் கட்டினோம். இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் மூடியில் நான் கை வைக்கப் போக, பின்னால் வந்த லாரிக்காரர் கத்தினார்: "தம்பி, தொடாதீங்க, மூஞ்சி வெந்துரும்!"

எங்கள் வண்டி பழைய 21 சீட் மினி பஸ். சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், சமையல் மேடை, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றி வீடாக்கியிருந்தோம். கம்பம் வரை எழுபதில் வந்தபோது முள் அசையவே இல்லை. ஏனென்றால் அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். மலையில் செகண்ட் கியரில் ஊர்ந்து ஏறும்போது காற்று ஏது? ஃபேன் இழுப்பதுதான். அதில் இருந்த கோளாறு அங்கேதான் வெளியே வந்தது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு மெதுவாகக் கூடலூருக்கே இறங்கிவிட்டோம். பெரிய ரேடியேட்டர் போடுங்கள் என்றார் ஒருவர், இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியுங்கள் என்றார் இன்னொருவர் (எறிந்தால் சமவெளியில் இன்ஜின் சூடே ஏறாது, டீசல்தான் வீண்). கடைசியில் கிடைத்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை, ஒரு செய்தித்தாள் கேட்டார். இன்ஜினை ஓடவிட்டு அதை ரேடியேட்டர் முகப்பில் வைத்தார். ஃபேன் நன்றாக இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் லேசாகத்தான் ஒட்டியது. கீழ் மூலையில் ஒட்டவே இல்லை, படபடவென்று வெளியே பறந்தது. அங்கே கை வைத்தேன், அனல். ரேடியேட்டருக்கும் பாடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இன்ஜின் பக்கச் சூட்டுக்காற்று அது வழியாக முன்னால் வந்து, அதையே ஃபேன் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு நான் ஆசையாக மாட்டிய நான்கு ஃபாக் லைட்டும் பெயர்ப் பலகையும் முகப்பில் பாதியை மறைத்திருந்தன.

ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த, டர்போ காற்றை ஆற்றும் இன்டர்கூலரை நகர்த்தியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தலையணை மாதிரி ஒரு படலம், தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த இலவம் பஞ்சு! தேனிப் பக்கம் கோடையில் பஞ்சு பறக்கிற சீசன் வேறு. இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில்தான் கழுவினார். பிரஷர் வாஷ் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடுமாம். அப்புறம் இடைவெளியை ரப்பர் ஷீட்டால் அடைத்தார்.

சூடான இன்ஜினை நிறுத்தியதும் ஃபேன் மூன்று சுற்று சும்மா சுற்றியது. சூடேறினால் ஃபேனை இன்ஜினோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய விஸ்கஸ் கிளட்ச் போய்விட்டது, மாற்றினோம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. குமுளி சுமார் 900 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி அழுத்தம் பிடித்து அந்தக் கொதிநிலையை இருபது டிகிரி போல மேலே தள்ளும். உள்ளே இருந்த கிணற்றுத் தண்ணீரை வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி ஊற்றினோம்.

மறுநாள் மதிய வெயிலில் ஏறினோம், வேண்டுமென்றேதான். குழாய் தாண்டியும் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது, அவ்வளவுதான். ஆனால் புது கிளட்ச் பிடித்ததும் ஃபேன் விமானம் கிளம்புவதுபோல் இரைந்ததில், பின்னால் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "இப்ப என்னடா உடைஞ்சுது?" என்றார்.