குறைந்த பணத்தில் பேண்ட் சா வாங்குவோர் கவனத்துக்கு

சேலத்துப் பட்டறைகளில் இரும்புக்கு இணையாக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயும் ராடும் நாள்தோறும் அறுபடுகின்றன. உருக்காலை இருக்கும் ஊர். சுற்றிலும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள். ஆகவே இங்கே பேண்ட் சா (வளையமாக ஓடும் பல் பிளேடால் உலோகத்தை அறுக்கும் மெஷின்) வாங்க நினைப்பவர், மோட்டார் எத்தனை எச்.பி., எத்தனை அங்குலம் அறுக்கும் என்று விசாரிப்பதற்கு முன்பு, பிளேடு எவ்வளவு மெதுவாக ஓடும் என்றுதான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாதாரண இரும்புக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகம் பொருந்தும். 304 வகை எஸ்.எஸ்.ஸுக்கு அதில் பாதியே அதிகம். பல் உள்ளே இறங்காமல் மேலாகத் தேய்த்துக்கொண்டே போனால் எஸ்.எஸ். அந்த இடத்திலேயே இறுகிவிடும். இறுகிய பரப்பில் அடுத்தடுத்த பற்களும் வழுக்கி, புது பிளேடுகூட விரைவில் மழுங்கிப்போகும். பெல்ட்டை வேறு புல்லிக்கு மாற்றி 25 மீட்டர் அளவுக்கு வேகத்தை இறக்க முடியாத மெஷின், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு வேண்டாம்.

பழைய மெஷின் என்றால், 50 மி.மீ. ராடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அறுத்துப் பாருங்கள். அறுத்த முகத்தில் மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) சாத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். மேலிருந்து கீழாகச் சாய்ந்திருந்தால் பிளேடை நேராக ஓடவைக்கும் கைடு பேரிங்கில் கோளாறு. அதைச் சரிசெய்யலாம், தேய்ந்திருந்தால் மாற்றலாம். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் ராடைப் பிடிக்கும் வைஸின் கோணத்தைத் திருத்தினால் போதும். ஆனால் பிளேடு தாங்கும் சக்கரமோ, கைடுகளைத் தாங்கும் கைகளோ ஆடினால், விற்பவர் எவ்வளவு இறங்கி வந்தாலும் விட்டுவிடுவதே நல்லது. விழும் தூளையும் பாருங்கள்: சுருண்டு விழுந்தால் சரி, மாவாக உதிர்ந்தால் அழுத்தம் போதவில்லை, நீலம் பாய்ந்திருந்தால் சூடு மிகுதி.

வீட்டை ஒட்டிய சிறு பட்டறைக்கு, சிங்கிள் ஃபேஸில் ஓடும் நாலரை அங்குலம் வரை அறுக்கும் மெஷின் தாராளம். பிளேடு கீழே இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் சிலிண்டர் இருந்தால், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

விலை பேசும்போதே இரண்டு பைமெட்டல் (வளையும் எஃகு முதுகில் கடினமான பற்கள் கொண்ட) பிளேடுகளுக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மெஷினோடு வரும் கார்பன் ஸ்டீல் பிளேடு எஸ்.எஸ்.ஸில் நெடுநாள் நிற்காது. குறைந்தது மூன்று பற்களாவது எப்போதும் உலோகத்தைப் பற்றியிருக்க வேண்டும் என்பதால், சுவர் மெல்லியதான குழாய்க்கு அங்குலத்துக்கு 18 அல்லது 24 பல்லும், 40 மி.மீ. ராடுக்கு 6 முதல் 10 பல்லும் உள்ள பிளேடைக் கேட்டு வாங்குங்கள். புது பிளேடை மாட்டியதும் முதல் சில அறுப்புகளை வழக்கமான அழுத்தத்தில் பாதியிலேயே செய்தால், கூர்முனைகள் உடையாமல் பதமாகும்.