அரச பகுப்பாய்வாளராக விரும்பும் திருகோணமலை மாணவருக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு "போரென்சிக் (தடயவியல்) எங்கே படிக்கலாம்?" என்று தேடத் தொடங்கும் பிள்ளைகள், முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உப்புவெளியில் ஒரு கொலை நடந்தால் அந்த வழக்குக்குள் விஞ்ஞானத்தோடு நுழைபவர் ஒருவரல்லர். சம்பவ இடத்தைப் படமெடுத்து, கறையையும் தோட்டாக் கோதையும் பொறுக்கி உறையிலிடுபவர்கள் சோகோ எனப்படும் பொலிஸ் பிரிவினர். விரலடையாளம் ஒப்பிடுவதும் பொலிஸாரே. உடலைப் பரிசோதிப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. அவர் மருத்துவப் பட்டதாரி. இரத்தம், போதைப்பொருள், நஞ்சு, வெடிபொருள், துப்பாக்கி ஆகியவற்றை ஆய்வுகூடத்தில் சோதித்து அறிக்கை தருபவர்தான் அரச பகுப்பாய்வாளர். அவருடைய திணைக்களம் நீதி அமைச்சின் கீழ் பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கிறது. அவர் பொலிஸ்காரர் அல்லர், சீருடையும் கிடையாது. இந்த நான்கில் எது உங்களுக்கு என்று தீர்மானித்த பிறகுதான் பாடத்தெரிவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. இந்தக் கட்டுரை நான்காமவரைப் பற்றியது.

அவருடைய அடிப்படைத் தகுதி இரசாயனவியல். உயர்தரத்தில் உயிரியல் பிரிவானாலும் கணிதப் பிரிவானாலும் இரசாயனவியல் இருக்கிறது, இரண்டிலிருந்தும் விஞ்ஞான பீடத்துக்குப் போகலாம். திருகோணமலை பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 சதவீதம் இந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம், நம் மாவட்டத்தின் இசட் புள்ளியைப் பாருங்கள். விண்ணப்பத்தில் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும்போது ஊருக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் ஒன்றை முதலில் போடாதீர்கள். அங்கே இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் வரை போக முடியுமா என்று பாருங்கள். வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, களனி, ஜயவர்த்தனபுர என்று தெரிவுகள் இருக்கின்றன.

சிறப்புப் பட்டம் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். விஞ்ஞான சேவைப் பதவிகளுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு மட்டமே கதவைத் திறக்கும், அல்லது மூடும். சிறப்புக்கான தெரிவு பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவில், அதுவரை எடுத்த புள்ளிகளை வைத்து நடக்கும். முதலாம் ஆண்டை விடுதி வாழ்க்கைக்குப் பழகும் ஆண்டாக நினைத்துக் கைவிட்டவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்றாலும் வழி முடியவில்லை: இராஜகிரியவில் உள்ள இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் பட்டதாரித் தகைமை, இரசாயனவியல் சிறப்புப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. கட்டணம் கட்ட வேண்டும், ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், கொழும்பில் தங்க வேண்டும். இந்த மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து இறங்குங்கள்.

தமிழ்நாட்டில் "தடய அறிவியல்" என்ற பெயரிலேயே இளமாணிப் பட்டங்கள் இருக்கின்றன. பெயர் கவர்ச்சியானது. ஆனால் அதில் இரசாயனவியல் எத்தனை திறமைப்புள்ளிகள், ஆய்வுகூட மணித்தியாலங்கள் எத்தனை என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுச் செல்லும் பட்டத்தோடு திரும்பி வந்து, இங்கே வர்த்தமானி இரசாயனவியலைப் பிரதான பாடமாகக் கேட்கும்போது நிற்க இடமில்லாமல் போகும். இரசாயனவியலில் நல்ல பட்டம் எடுத்துவிட்டுத் தடயவியலை முதுமாணியில் படிப்பதே பத்திரமான ஒழுங்கு என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனி வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஹெரோயின் வழக்கொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நச்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் சட்டத்தின் 54அ பிரிவின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் தண்டனை மரணம் அல்லது ஆயுள் சிறை. பிடிபடுவது தூய ஹெரோயின் அன்று, கலப்படம் செய்த பழுப்புத் தூள். நீதிமன்றம் பார்ப்பது அந்தத் தூளுக்குள் இருக்கும் தூய அளவை. தூளின் நிகர எடை 11.20 கிராம், தூய்மை 18.0 சதவீதம் என்றால் தூய ஹெரோயின் 2.016 கிராம். இப்போது உங்கள் அளவீட்டின் நிச்சயமின்மை கூட்டல் கழித்தல் 4 சதவீதம் என்று வையுங்கள். உண்மையான அளவு 1.935 முதல் 2.097 வரை எங்கேயும் இருக்கலாம். 2 கிராம் என்ற கோடு அந்த இடைவெளிக்கு நடுவில் ஓடுகிறது. பல்கலைக்கழகத்தில் "வழுப் பகுப்பாய்வு" என்று சலிப்போடு செய்த அந்தப் பயிற்சி, இங்கே ஒரு மனிதரின் உயிரைத் தொடுகிறது.

அந்த 11.20 எப்படி வந்தது என்பதும் கேள்விக்கு வரும். ஊரில் பொலிஸார் பொதியோடு சேர்த்து நகைக்கடைத் தராசில் நிறுத்தி 13 கிராம் என்று எழுதியிருப்பார்கள், ஆய்வுகூடம் 11.20 என்று எழுதும். "மிச்சம் எங்கே போனது?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கத்தான் செய்வார். மொத்த எடை, வெற்றுப் பொதியின் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாகக் குறித்திருந்தால் பதில் ஒரு வரியில் முடியும். குறிக்காவிட்டால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். எடுத்ததும் முத்திரையைப் பார்க்க வேண்டும்: கூடவே அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா, எங்காவது கிழிந்திருக்கிறதா. படமெடுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். அதுவும் பழைய முத்திரையைக் குலைக்காமல் வேறொரு பக்கத்தால். மின்விசிறியை நிறுத்தி நிறுக்க வேண்டும். நான்கு தசம தானத் தராசில் காற்று அசைவும் எடையாகத் தெரியும்.

நாற்பது சிறு பொதிகள் வந்தால் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, எல்லாவற்றையும் கொட்டிக் கலந்து ஒரு சோதனை செய்வது. நாற்பதில் ஐந்து வெறும் மாவாக இருந்திருக்கலாம்; கலந்த பிறகு அதை யாராலும் சொல்ல முடியாது. பொதிகளைத் தோற்றத்தால் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறச்சோதனை செய்து, ஒத்தவற்றை மட்டுமே சேர்க்க வேண்டும். போர்மல்டிகைட்டைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் கலந்த மார்க்கி சோதனைப்பொருள் ஹெரோயினோடு ஊதாவாக மாறும், ஐஸ் எனப்படும் மெதாம்பெட்டமினோடு செம்மஞ்சள் பழுப்பாகும். ஆனால் மோர்பீனும் கொடீனும் ஊதாவையே தருகின்றன. ஆகவே நிறம் ஒரு சந்தேகம் மட்டுமே. உறுதி செய்வது வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலையும்: ஹெரோயினுக்கு 369, 327, 268 ஆகிய உச்சங்கள், கூடவே நியமத்தோடு (இன்னதென்று தெரிந்த தூய மாதிரியோடு) ஒத்துப்போகும் தங்குநேரம், அதாவது பொருள் கருவியைக் கடந்து வர எடுக்கும் நேரம். இதில் ஒரு கண்ணி உண்டு. மெதனோலில் கரைத்து மேசையில் நெடுநேரம் வைத்தால் ஹெரோயின் ஓர் அசற்றைல் கூட்டத்தை இழந்து மொனோஅசற்றைல்மோர்பீனாகச் சிதையத் தொடங்கும். தூய்மை சதவீதம் தானாகவே இறங்கும். காலையில் கரைத்ததை மறுநாள் செலுத்தும் சோம்பல், மேலே சொன்ன 2.016ஐக் கோட்டுக்குக் கீழே தள்ளப் போதுமானது.

இரத்தம் வேறு உலகம். திருகோணமலை போன்ற மீன்பிடி ஊரில் இதை விளங்கிக்கொள்வது எளிது. காஸல் மேயர் சோதனையில் வடிதாள் ஒன்றை மடித்துக் கறையில் மெல்ல உரசி, ஒரு துளி எதனோல், ஒரு துளி ஒடுக்கிய பினோப்தலீன் விட்டுச் சில வினாடி பொறுக்க வேண்டும். அப்போதே இளஞ்சிவப்பு வந்தால் அது ஏதோவொரு ஒட்சியேற்றி; கறையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. வராவிட்டால் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு துளி. உடனே நிறம் வந்தால் ஈமோகுளோபின் இருக்கக்கூடும். ஒரு நிமிடம் கழித்து மெதுவாகச் சிவந்தால் அதை எண்ணக்கூடாது, காற்றே அதைச் செய்யும். சந்தையில் பாரை மீன் வெட்டிய கத்தியும் இதே நிறத்தைத் தரும், ஏனென்றால் ஈமோகுளோபினின் பகுதியான ஹீம் மீனின் இரத்தத்திலும் இருக்கிறது. மனித இரத்தமா என்பதற்கு மனித ஈமோகுளோபினை இனங்காணும் பட்டிச் சோதனை வேண்டும். அதில் இரத்தம் அளவுக்கு மிஞ்சிச் செறிந்திருந்தால் கோடு விழாமல் "இல்லை" என்று பொய்யாகக் காட்டும். நூறு மடங்கு ஐதாக்கித் திரும்பச் செய்தால் கோடு தோன்றும். எதிர்மறை முடிவை ஒரே செறிவில் எழுதிவிடுவது பெரும் தவறு.

நம்மூர்க் காலநிலையைச் சேர்த்து யோசிக்கப் பழகுங்கள். நவம்பர் மழையில் இரத்தம் தோய்ந்த சேர்ட்டை ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும், நுண்ணங்கிகள் டி.என்.ஏ.யைத் தின்றுவிடும். பத்தரமுல்லையில் எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தும் பயனில்லை. நிழலில் உலர்த்தி, மடிப்புகளுக்கு இடையே சுத்தமான தாள் வைத்துக் கடதாசி உறையில் இட வேண்டும். வெயிலில் காய வைப்பதும் கூடாது. புறஊதாக் கதிர் டி.என்.ஏ.யைச் சிதைக்கும். மதுபோதை வழக்குக்கான இரத்தத்தைச் சோடியம் புளோரைட்டு இட்ட குழாயில் எடுக்காவிட்டால், போகும் வழியில் வெப்பத்தில் நொதித்து எதனோல் புதிதாக உண்டாகலாம். 100 மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம் என்ற எல்லைக்குக் கீழே இருந்தவர் மேலே போய்விடுவார். ஊசி போடும் இடத்தை மதுசாரப் பஞ்சால் துடைப்பதும் அதே சந்தேகத்தைக் கொண்டுவரும். நேர்முகத் தேர்வில் இப்படியான "ஏன்" கேள்விகள் வரும் என்று எண்ணித் தயாராகுங்கள்.

பட்டப்படிப்பில் இதற்கென்று என்ன செய்யலாம்? புள்ளிவிபரவியலைத் தெரிவுப்பாடமாகக் கட்டாயம் எடுங்கள். அளவுகோட்டு வரைபுக்கு ஐந்து நியமக் கரைசல்கள் செய்து ஆர் வர்க்கப் பெறுமானம் 0.999 வந்தவுடன் எழுந்து போகாதீர்கள், மீதிகளை (ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து விலகும் அளவை) வரைந்து பாருங்கள். அவை வளைந்திருந்தால் கோடு நேரானதே அல்ல. ஒவ்வொரு தொகுதியிலும் வெற்று மாதிரி (தேடும் பொருள் இல்லாதது) ஒன்று, இரட்டை மாதிரி (அதே மாதிரி மறுபடியும்) ஒன்று செலுத்தும் பழக்கம் கைக்கு வர வேண்டும். செய்முறைக் கொப்பியில் பேனாவால் எழுதுங்கள். பிழைத்தால் ஒரே கோடு கிழித்து, கையொப்பமும் திகதியும் இடுங்கள். வெள்ளை மை பூசிய பக்கத்தை எந்த நீதிமன்றமும் நம்பாது. டி.என்.ஏ. பக்கம் விருப்பமுள்ளவர்கள் மூலக்கூற்று உயிரியலும் குடித்தொகை மரபியலும் சேர்க்க வேண்டும். "இந்த வகை பத்து இலட்சத்தில் ஒருவருக்கே இருக்கும்" என்பதும் "இவர் குற்றவாளியாக இல்லாமலிருக்கும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று" என்பதும் இரு வேறு கூற்றுகள். முதலாவதை மட்டுமே பகுப்பாய்வாளர் சொல்லலாம்.

வெற்றிடம் வரும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வரும். எழுத்துப் பரீட்சையா நேர்முகமா, வயதெல்லை என்ன என்பதெல்லாம் அந்த அறிவித்தலில் இருப்பதே சட்டம். நண்பர் அனுப்பிய பழைய படத்தை நம்பாதீர்கள். நல்ல பட்டம் இருந்தும் ஆட்கள் விழும் இடம் ஒன்றுண்டு: முடிவுத் திகதியன்று தகைமைகள் எல்லாம் பூர்த்தியாகி இருக்க வேண்டும். பரீட்சை எழுதி முடித்தது போதாது, பட்டம் வலுவுக்கு வரும் திகதி அதற்கு முன்னர் இருக்க வேண்டும். பதிவாளரிடம் அந்தத் திகதி குறித்த கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பதிவுத் தபால், உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயர் என்று கேட்டிருந்தால் அப்படியே செய்யுங்கள். சேர்ந்த பிறகு வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையும் இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சியும் காத்திருக்கும். நமக்கு அது சிங்களம். நாட்டின் பெரும்பகுதியிலிருந்து வரும் பொலிஸ் அறிக்கைகளை வாசிக்கவும் அது வேண்டும், ஆகவே இப்போதே தொடங்குவது நல்லது.

அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 414ஆம் பிரிவு அந்த அறிக்கையைச் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. ஆனாலும் அழைப்பு வந்தால் கூண்டில் ஏற வேண்டும். திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் விசாரணை தமிழில் நடக்கும். சக தமிழ் மாணவர்களே நிறப்பகுப்பு வரைபைத் தமிழில் விளக்கத் திணறுவது பெரிய குறை, அதை இப்போதே போக்கலாம். ஒரு வரைபை எடுத்து, விஞ்ஞானம் படிக்காத உங்கள் அம்மாவுக்கோ மாமாவுக்கோ இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள்: இந்த மேடு என்ன, ஏன் இந்த நேரத்தில் வந்தது, பக்கத்தில் இருக்கும் நியமத்தின் மேடு எதற்கு. பிறகு அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள், "அந்த 4 சதவீதம் என்றால் நீங்கள் பிழைவிட்டீர்கள் என்று அர்த்தமா?" அதற்குத் தடுமாறாமல், ஒரு பொருளை எத்தனை முறை அளந்தாலும் சிறு வேறுபாடு வரும், அந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதை அளந்து சொல்லியிருக்கிறேன் என்று எளிய தமிழில் சொல்ல வரும்வரை பழகுங்கள்.